கடலில் வாங்கிய டைவிங் லைசென்ஸ் ஆழமான ஏரிக்குப் போதுமா?

பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து சாலை வழியாகச் சில மணி நேரம் போனால் 500 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள டோபா ஏரி. கடலில் ஸ்கூபா டைவிங் கற்றவர்கள் அந்த மாதிரி ஏரியில் கரையிலிருந்தே இறங்கலாமா? ஏரித் தண்ணீரின் குளிர், ஆழம், ஏரி இருக்கும் உயரம் எல்லாம் நம் உடலை என்ன செய்யும்?

“அக்கா, அடுத்த மாசம் டோபா போறோம். நாலு பேர். எல்லார்கிட்டயும் டைவிங் லைசென்ஸ் இருக்கு. போட் எல்லாம் எதுக்கு, கரையிலேருந்தே இறங்கிப் பார்த்துட்டு வந்துடலாம்னு பிளான். என்ன சொல்றீங்க?”

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டில் இருக்கும் தம்பி கேட்டது இது. பெர்ஹெந்தியான் தீவில் ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சி முடித்தவர். இதுவரை 15 முறை இறங்கியிருக்கிறார், எல்லாமே கடலில். 29 டிகிரி தண்ணீர், மெல்லிய சூட், மேலே காத்திருக்கும் படகு, முன்னால் நீந்திப்போகும் வழிகாட்டி. மலேசியாவில் டைவிங் கற்கும் பெரும்பாலோரின் அனுபவம் இதுதான். என்னுடையதும் அப்படித்தான் தொடங்கியது.

நாம் பேச்சில் ‘லைசென்ஸ்’ என்று சொல்கிற அட்டை உண்மையில் ஒரு பயிற்சிச் சான்றிதழ். நீங்கள் கற்ற மாதிரியான சூழலில், கற்ற ஆழம் வரை இறங்கத் தெரிந்தவர் என்று மட்டுமே அது சொல்கிறது. ‘ஓப்பன் வாட்டர்’ அட்டைக்கு 18 மீட்டர், ‘அட்வான்ஸ்டு’ அட்டைக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர். தண்ணீர் மாறும்போது அந்த அட்டை எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் தம்பியின் கேள்வி.

டோபா எப்படிப்பட்ட ஏரி?

சாதாரண ஏரி இல்லை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த பெரும் எரிமலையின் வாய் அது. வெடித்த பிறகு நிலம் உள்ளே சரிந்து, பள்ளத்தில் தண்ணீர் நிரம்பியது. அப்போது பறந்த சாம்பல் நம் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் கிடைத்திருக்கிறது, இந்தியாவிலும் கிடைத்திருக்கிறது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர். மிக ஆழமான இடம் சுமார் 505 மீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க: கொம்தார் கோபுரத்தின் உயரம் 250 மீட்டருக்குள்தான். இரண்டு கொம்தாரை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் உச்சி வெளியே தெரியாது.

டைவருக்கு இந்த 505 என்ற எண்ணைவிட ஏரியின் வடிவம்தான் முக்கியம். எரிமலைப் பள்ளம் என்பதால் பல இடங்களில் கரையிலிருந்து அதிகம் விலகாமலேயே தரை சரிந்து போய்விடும். பவளப்பாறையில் 12 மீட்டரிலோ 18 மீட்டரிலோ மணல் தரை வந்து உங்களை நிறுத்தும். இங்கே நிறுத்த எதுவும் இல்லை. கீழே பச்சை, அதற்குக் கீழே கறுப்பு. கண்ணுக்கு எந்த அடையாளமும் இல்லாத நிலையில், நாம் கீழே போய்க்கொண்டிருக்கிறோமா, நிற்கிறோமா என்றே தெரியாது. கையில் கட்டிய கம்ப்யூட்டர் மட்டும்தான் சொல்லும். அதைப் பார்க்க மறந்தவர் ஒரே நிமிடத்தில் 18 மீட்டர் எல்லையைத் தாண்டி 30 மீட்டருக்குப் போய்விடலாம். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் தொடங்கும். குடித்தவர் மாதிரி கணக்கு தப்பும், அதோடு ‘எல்லாம் நல்லாத்தான் போகுது’ என்ற தைரியமும் வரும்.

அப்போ டோபா குளிருமா?

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘ஆழமான ஏரி என்றால் அடியில் உறைகிற குளிர்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது ஐரோப்பா, கனடா ஏரிகளுக்குப் பொருந்தும்.

நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். அதைவிடச் சூடானாலும் லேசாகிவிடும், அதைவிடக் குளிர்ந்தாலும் லேசாகிவிடும். அதனால்தான் பனிக்கட்டி மேலே மிதக்கிறது. குளிர்காலம் வரும் நாடுகளில், மேல் தண்ணீர் 4 டிகிரிக்கு இறங்கும்போது கனமாகி அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கோடையில் வெயில் மேல்பகுதியை மட்டும் சூடாக்கும். ஆகவே ஜூலை மாதத்தில் மேலே நீந்துகிற மாதிரி இருக்கும் ஏரி, 20 மீட்டருக்குக் கீழே 5 அல்லது 6 டிகிரியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வெப்பநிலை சட்டென்று மாறும் ஓர் அடுக்கு இருக்கிறது. அதற்குள் இறங்கும்போது தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிய மாதிரி இருக்கும்.

தண்ணீர் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்க்க வெளிநாடு போகவேண்டாம். பினாங்கு தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் பின்னால் ஒரு சிறிய ஏரி இருக்கிறது. மேலே குளிர்ந்த நன்னீர், கீழே வெதுவெதுப்பான கடல் நீர், இரண்டும் கலக்காமல் நிற்கும். அங்கே யாரும் டைவ் செய்வதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் பாலத்திலிருந்து பார்த்த ஞாபகம் பலருக்கு இருக்கும்.

டோபா பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே குளிர்காலம் கிடையாது. மேலே சுமார் 25 டிகிரி, ஆழத்திலும் அதைவிடச் சற்றே குறைவு. ஜெனிவா ஏரிக்காரர்கள் இதைச் சூடான தண்ணீர் என்பார்கள். ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். பெர்ஹெந்தியானில் போடும் அதே 3 மில்லிமீட்டர் சூட்டோடு, மலைக்காற்று வீசும் இடத்தில், ஒரே நாளில் மூன்று முறை இறங்கினால் பல் கிட்டிப்போகும். உடல் உறையாது, ஆனால் மூச்சு வேகமாகும், காற்று சீக்கிரம் தீரும், முடிவெடுப்பது மந்தமாகும். தம்பியின் குழு இப்போது டோபா போகிறது. அதே ஆட்கள் அடுத்த வருடம் ஐஸ்லாந்தில் போட்டோ எடுக்கக் கிளம்புவார்கள், எனக்குத் தெரியும். அதனால் உண்மையான குளிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு குளிரில் யார், எதற்காக இறங்குகிறார்கள்?

கப்பல்களுக்காக. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் டோபர்மோரி என்று ஒரு சிற்றூர், டொரோண்டோவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஹூரோன் ஏரிக்கரையில் இருக்கிறது. 1987இல் அங்கே ‘ஃபாதம் ஃபைவ்’ என்ற தேசிய நீர்ப்பூங்கா அமைந்தது. 1867இல் கட்டி 1885இல் மூழ்கிய ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ என்ற பாய்மரக் கப்பல், துறைமுகத்துக்குள்ளேயே சுமார் 6 மீட்டர் ஆழத்தில் இன்னும் உருக்குலையாமல் கிடக்கிறது. மரக்கப்பல்! நம் கடலில் இப்படி ஒரு மரக்கப்பல் கிடந்தால் கப்பல் புழு சில பத்தாண்டுகளில் தின்று முடித்துவிடும். அந்தப் புழு நன்னீரில் வாழாது. குளிர்ந்த நன்னீர் ஏரி பழைய மரத்துக்கு ஓர் அருங்காட்சியகம். துறைமுகத்தை ஒட்டிக் கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கக்கூடிய சிறிய இழுவைக் கப்பல்களும் அங்கே இருக்கின்றன. டைவர்கள் முதலில் பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும்.

இன்னொரு இடம் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா. திங்வெல்லிர் ஏரியை ஒட்டிய நிலப்பிளவு. பனியாறு உருகி வந்த தண்ணீர் எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் ஊறி வடிகட்டப்பட்டு வெளியே வருகிறது. கண்ணாடி மாதிரி தெளிவு, வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி. இன்ஸ்டாகிராமில் இரண்டு கண்டங்களுக்கு நடுவில் மிதப்பதாகச் சொல்லும் அந்தப் படங்கள் இங்கே எடுத்தவைதான். அங்கே உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. 2017இல் விதிகளை இறுக்கினார்கள். இப்போது அங்கே டைவ் செய்ய, ‘டிரைசூட்’ என்ற நீர்புகா உடைக்கான சான்றிதழ் வேண்டும், அல்லது கடந்த இரண்டு வருடத்தில் அந்த உடையோடு 10 முறை இறங்கியதற்கான பதிவு வேண்டும். 18 மீட்டருக்குக் கீழே போக அனுமதி இல்லை. நம் ஊர் ‘ஓப்பன் வாட்டர்’ அட்டையை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தம்பியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் யாரும் எழுதி வைத்ததில்லை.

குளிர் தண்ணீரில் உடம்புக்கு என்ன ஆகும்?

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், தானே பல முறை பனித்தண்ணீரில் இறங்கி ஆய்வு செய்தவர். அவர் பரப்பிய கணக்கு ‘1-10-1’. தயார் இல்லாமல் கடுங்குளிர் தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்களை உருப்படியாக அசைக்க 10 நிமிடம். உடல் சூடு இறங்கி நினைவு தப்ப 1 மணி நேரம்.

பலரும் பயப்படுவது கடைசி எண்ணுக்கு. ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் முதல் எண். குளிர் தோலில் பட்டவுடன் மனித உடல் தானாகவே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். ரெகுலேட்டர் வாயில் இருக்கும் டைவருக்கு மூச்சுக் காற்று கிடைக்கும், ஆனால் படபடப்பில் வேக வேகமாக இழுக்கத் தொடங்கிவிடுவார். வாயிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு மேலே ஓடுபவர்களும் உண்டு. டைவிங்கில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதைப்போல் ஆபத்தானது வேறில்லை. நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து கிழித்துவிடும்.

நடு எண்ணை நானே அனுபவித்திருக்கிறேன். டொரோண்டோவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆசைப்பட்டு டோபர்மோரியில் இறங்கினேன். தடித்த வெட்சூட், கையுறை, தலைமூடி எல்லாம் உண்டு. முகத்தில் மூடாத இடம் முதலில் எரிந்தது, பிறகு மரத்தது. ஐந்து நிமிடம் சுகமாகத்தான் இருந்தது. பத்தாவது நிமிடத்தில் மிதவைச் சட்டையில் காற்று ஏற்றும் பொத்தானை அழுத்தப் போனேன். விரல் பொத்தான் மேல் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், அழுத்துகிறேனா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. கூட வந்தவருக்குச் சைகை காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆழம் வெறும் 7 மீட்டர். அதே நிலை 25 மீட்டரில் வந்திருந்தால் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

கருவிகளும் உறையுமா?

உறையும். டாங்கியில் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றை, நாம் இழுக்கிற அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுப்பது ரெகுலேட்டர். காற்று திடீரென்று விரியும்போது கடுமையாகக் குளிரும். சமையல் எரிவாயு தோம்பின் வாயில் பனி படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கடலில் சுற்றியுள்ள 29 டிகிரி தண்ணீர் அந்த உலோகத்தைச் சூடாக்கிக்கொண்டே இருப்பதால் நாம் இதை உணர்வதே இல்லை. 10 டிகிரிக்குக் கீழே, உள்ளே பனி கட்டி வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். காற்று நிற்காமல் கொட்டும். 12 லிட்டர் டாங்கி அப்படிக் கொட்டத் தொடங்கினால் சில நிமிடங்களில் காலி.

ஐரோப்பியத் தரவிதியில் குளிர் தண்ணீருக்கென்று ரெகுலேட்டர்களை 4 டிகிரியில் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு உட்படாதவற்றில் ‘10 டிகிரிக்கு மேல் மட்டும்’ என்ற பொருளில் குறி இருக்கும். உங்கள் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்க. கடற்கரை ஊர்களில் வாடகைக்குக் கிடைப்பவை குளிருக்கென்று தேர்ந்தெடுத்தவையாக இருக்கத் தேவையில்லை. குளிர் ஏரிக்காரர்களுக்கு இன்னும் சில பழக்கங்கள் உண்டு: கரையில் நின்று ‘வேலை செய்கிறதா’ என்று நாலு முறை இழுத்துப் பார்க்கமாட்டார்கள், மூச்சை இழுக்கும் அதே நொடியில் மிதவைச் சட்டைக்குக் காற்று ஏற்றமாட்டார்கள். இரண்டும் ரெகுலேட்டரை இன்னும் குளிர வைக்கும்.

உடைக்கு வருவோம். வெட்சூட் நம்மைச் சூடாக வைத்திருப்பது அதன் ரப்பரில் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகளால். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் குமிழி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். அதாவது, குளிர் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் உடை மெலிந்துபோகிறது. கூடவே மிதக்கும் தன்மையும் குறைந்து, ஆள் இன்னும் வேகமாகக் கீழே இறங்குவார். டிரைசூட் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் அதற்குள் காற்று ஏற்றவும் வெளியேற்றவும் பழக வேண்டும். பழகாதவருக்குக் காற்று முழுக்கக் காலுக்குப் போய், தலைகீழாக மேலே தூக்கிக்கொண்டு போகும். அதனால்தான் தனிப் பயிற்சி கேட்கிறார்கள்.

நன்னீரில் ஈயக்கட்டி எவ்வளவு?

குறைக்க வேண்டும். கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. ஆளும் கருவிகளும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடலில் சரியாக மிதந்த அதே ஆள் ஏரியில் சுமார் 2.3 கிலோ கூடுதல் பாரத்தோடு இருப்பதுபோல் உணர்வார். தரை இருக்கும் இடத்தில் இது சின்னத் தொல்லை. தரை இல்லாத சரிவில் பெரிய விஷயம். தடித்த உடை போட்டால் கணக்கு மறுபடியும் மாறும், அப்போது ஈயம் கூட்டவேண்டி வரும். ஆக, முன்பு எழுதி வைத்த எண் எதுவும் உதவாது. கரையோரத்தில், நெஞ்சளவு தண்ணீரில் நின்று புதிதாகச் சோதிப்பது ஒன்றுதான் வழி.

கரையிலிருந்து இறங்குவது சுலபம்தானே?

படகுச் செலவு இல்லை, கடல் மயக்கம் இல்லை, விரும்பிய நேரத்தில் இறங்கலாம். அதெல்லாம் சரி. ஆனால் படகு இல்லை என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: மேலே உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. படகில் ஆக்சிஜன் இருக்கும், எண்ணிக்கை எடுக்க ஆள் இருப்பார், தள்ளிப்போய் மேலே வந்தால் வந்து ஏற்றிக்கொள்வார்கள். கரையிலிருந்து இறங்கியவர் இறங்கிய இடத்துக்கே திரும்பி வரவேண்டும்.

அதனால் காற்றைப் பங்கு போடும் முறை மாறுகிறது. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல் கையிருப்பு. திசைகாட்டியைப் படிக்கத் தெரிய வேண்டும். ஏரியின் அடியில் இருப்பது மணல் இல்லை, சேறு. ஒருமுறை துடுப்பால் கிளறிவிட்டால் பால் மாதிரி கலங்கும். வழுக்குப் பாறையில் 20 கிலோவுக்கு மேல் சுமந்து இறங்குவதும், முக்கியமாகக் களைத்துப்போய் ஏறுவதும் கால் முறியும் இடங்கள். டோபாவில் மிதக்கும் மீன் வளர்ப்புக் கூண்டுகள் நிறைய உண்டு. அவற்றின் கயிறும் வலையும், மீன்பிடிக்காரர்கள் விட்ட தூண்டில் நரம்பும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு சின்ன வெட்டுக்கத்தி, அதுவும் இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில். பயணிகள் படகு ஓடும் பாதை எங்கே என்பதை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டைவர் கீழே இருக்கிறார் என்பதைக் காட்டும் மிதவை இல்லாமல் இறங்கவே கூடாது.

மலை மேல் இருக்கும் ஏரி: அதில் என்ன வித்தியாசம்?

தம்பியின் நான்கு பேரும் யோசிக்காத விஷயம் இதுதான். குளிரைப் பற்றியாவது கொஞ்சம் பேசியிருக்கிறார்கள், உயரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

டோபாவின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பினாங்குக் கொடிமலையைவிட உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடுதான். டைவிங்கில் உடலுக்குள் கரையும் நைட்ரஜன், மேலே வரும்போது மெதுவாக வெளியேற வேண்டும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு குமிழிகளாக அது வெளியேறும் என்பதைத் தீர்மானிப்பது கீழ் அழுத்தத்துக்கும் மேல் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். மேலே அழுத்தம் குறைவு என்றால் அந்த விகிதம் பெரிதாகிறது. கணக்குப் போட்டால், டோபாவில் 30 மீட்டர் இறங்குவது, கடல் அட்டவணையில் 32 முதல் 33 மீட்டர் இறங்குவதற்குச் சமம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். எல்லை விளிம்பில் இருக்கும் டைவில் அது போதும்.

கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருக்கும் எந்த நீர்நிலையையும் உயர்மலை டைவிங்காகக் கருத வேண்டும் என்பது பயிற்சி நிறுவனங்களின் விதி. டைவ் கம்ப்யூட்டர்களில் சில தானாகவே உயரத்தை உணரும், சிலவற்றில் நாமே மாற்ற வேண்டும். வாடகைக் கம்ப்யூட்டரில் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: காலையில் பினாங்கில் புறப்பட்டு மாலையே ஏரியில் குதிப்பது நல்லதில்லை. கடல் மட்டத்தில் பழகிய உடலில், மலைக் காற்றுக்கு ஒப்பிட்டால் ஏற்கெனவே நைட்ரஜன் கூடுதலாக இருக்கிறது. குறைந்தது 6 மணி நேரம் அங்கே இருந்துவிட்டு இறங்குவது வழக்கம்.

திரும்பும் வழிதான் உண்மையான பொறி. விமானம் ஏறும் முன் இடைவெளி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்: ஒரு முறை மட்டும் இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம். சாலைக்கும் அதே கவனம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. டோபாவின் வடகரையிலிருந்து பெரஸ்தாகி வழியாக மேடான் போகும் சாலை சுமார் 1,300 மீட்டர் வரை ஏறுகிறது. ஏரியிலிருந்து வெளியே வந்து, உடை மாற்றி, நேரே வேனில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் இன்னும் 400 மீட்டர் மேலே போய்விடுவீர்கள். மூட்டு வலி, கை மரப்பு, தலைசுற்றல் என்று அறிகுறிகள் வேனுக்குள் தொடங்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பயணக் களைப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்?

முதலுதவி, சுத்த ஆக்சிஜன். அது கையில் இல்லாமல் கரையிலிருந்து ஆழ ஏரியில் இறங்கும் திட்டத்தை நான் திட்டம் என்றே சொல்லமாட்டேன். அடுத்தது உயரழுத்த அறை. மலேசியாவில் இதற்குப் பெயர்பெற்ற இடம் பேராக், லுமுட்டில் இருக்கும் ஆயுதப்படை மருத்துவமனை. பினாங்கு டைவருக்கு அது சாலை வழியே போய்ச் சேரக்கூடிய தூரம். டோபாவிலிருந்து அப்படி இல்லை. நடுவில் மலையும் மலாக்கா நீரிணையும் இருக்கின்றன, நோயாளியைச் சாதாரண விமானத்தில் ஏற்றவும் முடியாது. டைவிங் காப்பீடு இருந்தால் 24 மணி நேர ஆலோசனை எண்ணும் கூடவே வரும். வழக்கமான பயணக் காப்பீடு டைவிங்கை ஏற்கிறதா, எத்தனை மீட்டர் வரை ஏற்கிறது என்று படித்துப் பாருங்கள்.

ஆழமான நன்னீர் மீட்புப் பணியை எவ்வளவு கடினமாக்கும் என்பதை இந்த வட்டாரம் 2018இல் மூன்று முறை பார்த்தது. அந்த ஆண்டு ஜூன் 18ஆம் தேதி, நோன்புப் பெருநாள் விடுமுறைக் கூட்டத்தோடு டோபாவில் போன ‘சினார் பாங்குன்’ படகு மூழ்கியது. அளவுக்கு மீறிய பயணிகள். 160க்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். பல நாள் தேடிய பிறகு, தொலைவிலிருந்து இயக்கும் கருவியின் கேமராவில் படகும் சில உடல்களும் தெரிந்தன. ஆழம், சுமார் 450 மீட்டர். எந்த முக்குளிப்பாளரும் போக முடியாத இடம். ஜூலை தொடக்கத்தில் தேடலை நிறுத்தினார்கள்.

அதே ஜூன் மாதம் 23ஆம் தேதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கினார்கள். ஜூலை 6ஆம் தேதி, குகைக்குள் காற்று டாங்கிகளை வைத்துத் திரும்பும் வழியில் முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் இறந்தார். சிறுவர்களை முதலில் கண்டுபிடித்தவர்கள் பிரிட்டனின் ரிக் ஸ்டாண்டனும் ஜான் வொலாந்தனும். இருவரும் ராணுவத்தினர் இல்லை. குளிர்ந்த, கலங்கிய, இருட்டுக் குகைத் தண்ணீரில் பல வருடம் பழகியவர்கள். தாய்லாந்துக் கடற்படையினர் திறமையில் குறைந்தவர்கள் இல்லை, அவர்கள் கற்றது வேறு தண்ணீர்.

மூன்றாவது நம் நாட்டில். அக்டோபர் 3ஆம் தேதி இரவு, சிலாங்கூர், பூச்சோங்கில் பழைய ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்புப் படையின் நீர் மீட்புக் குழுவினர் 6 பேர் பலமான நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், கருவியோடு இறங்கியவர்கள்.

பூச்சோங் மாதிரி குட்டைகள் கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க இருக்கின்றன. தண்ணீர் பச்சையாக, அசையாமல் அழகாகத் தெரியும். ஓரம் செங்குத்தாகச் சரியும், அடியில் இறுகாத சேறு. ‘டோபா எதுக்கு, பக்கத்துலேயே பழகலாமே’ என்று யோசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே பழகாதீர்கள். நம் தீவின் ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங் அணைகள் குடிநீருக்கானவை, அங்கும் டைவிங் கிடையாது.

அப்போ எங்கே பழகுவது?

முதலில் நீச்சல் குளத்தில், தடித்த கையுறையோடு. முகமூடியைக் கழற்றி மாட்டுவது, ஈயக்கட்டியை அவிழ்ப்பது, கொட்டும் ரெகுலேட்டரிலிருந்து ஓரமாக உறிஞ்சி மூச்சு விடுவது. கடைசியாகச் சொன்னதை ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சியில் ஒரே ஒரு முறை செய்துவிட்டு மறந்திருப்பீர்கள். அதன் பிறகு கடலில், வழிகாட்டி முன்னால் போகாமல், கரையிலிருந்து இறங்கி அதே இடத்துக்குத் திரும்பும் டைவ். உயர்மலை டைவிங், டிரைசூட் இரண்டுக்கும் தனித்தனிச் சிறப்புப் பயிற்சிகள் இருக்கின்றன. ஏரி ஊருக்குப் போனதும் அந்த ஏரியை அறிந்த உள்ளூர் வழிகாட்டியோடு முதல் டைவ், 10 மீட்டருக்கு மேல் போகாமல்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க இரண்டு தே தாரிக் ஆனது. நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும்தான் ‘அட்வான்ஸ்டு’ அட்டை இருக்கிறது, யாருடைய கம்ப்யூட்டரும் உயரத்தைத் தானாக உணரும் வகையா என்று தெரியவில்லை, ஆக்சிஜன் பெட்டி பட்டியலிலேயே இல்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ரத்து செய்யமாட்டார்கள். இந்த முறை டைவிங் மூட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதாக முடிவு.

“நீந்தலாம்ல அக்கா?”

“நீந்து. சமோசிர் தீவுக்குப் படகு ஏறும்போது லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்குன்னு முதல்ல கேளு. குடுக்கலேன்னா இறங்கிடு, அடுத்த படகு வரும்.”